பஃபலோவிலிருந்து அப்பாவுக்கு

பஃபலோ,
மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். "வேலை பர்மனென்ட் ஆகிவிட்டதா?" என்று கேட்டிருந்தீர்களே, அந்த வரியில்தான் மாட்டிக்கொண்டேன்.

இங்கே அமெரிக்கக் கல்லூரிகளில் டென்யூர் என்று ஒன்று உண்டு. அந்த வரிசையில் சேர்ந்தவர்களை ஆறாவது வருஷம் வாக்கில் சலித்துப் பார்ப்பார்கள். தேறிவிட்டால் லேசில் யாரும் அசைக்க முடியாது. தேறாதவர் அடுத்த வருஷத்தோடு பெட்டி கட்ட வேண்டியதுதான். நான் அந்த வரிசையிலேயே இல்லை. லெக்சரர், வருஷா வருஷம் ஒப்பந்தம். நம் குமார் அண்ணன் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறாரே, கிட்டத்தட்ட அப்படி. அவருக்குப் பெயரிலாவது கௌரவம் இருக்கிறது. வரிசையில் இருப்பவர்கள் செமஸ்டருக்கு இரண்டு பாடம் எடுத்தால் எனக்கு நான்கு. ஆராய்ச்சிக் கட்டுரை இருந்தால்தான் அந்த வேலை. இந்த வேலையில் கட்டுரை எழுத நேரம் ஏது? கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்று பாட்டி சொல்வாளே, அதேதான்.

நான் மட்டும் இல்லை அப்பா. அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் இப்படித்தான். 1987-இல் பாதிக்கும் குறைவு. அட்ஜங்ட் என்பவர்களுக்குப் பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் காரில் ஓடுகிறார்கள். எனக்கு மருத்துவக் காப்பீடாவது உண்டு.

வேலை போனால் விசா விதிப்படி அறுபது நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று தம்பி அம்மாவிடம் சொன்னானாமே. அவனுக்கு வேறு வேலை இல்லை. இந்த வருஷ ஒப்பந்தக் கடிதமும் ஏப்ரலில் வந்துவிடும்.

குளிர் இன்னும் விடவில்லை. ஈரி ஏரியைத் தாண்டி வரும் காற்று ஒரே ராத்திரியில் காரைப் பனியில் புதைத்துவிடுகிறது. கீழ் வீட்டுக் கிழவர் தினமும் காலையில் அளவுகோலோடு வந்து பனியை அளந்து நோட்டில் எழுதுகிறார். 1977 பனிப்புயலிலிருந்து எழுதுகிறாராம். வணக்கம் கிடையாது. "ஒன்பது அங்குலம்" என்பார், நான் தலையாட்டுவேன். சனி ஞாயிறில் நான் பார்க்கிற ஆள் அவர்தான். நல்ல மனிதர்.

இந்தக் கோடைக்கு வர முடியாது. ஒரு கோடை வகுப்பு எடுக்கிறேன். போதுமான பேர் சேராவிட்டால் ரத்து செய்துவிடுவார்கள்; சேர்வார்கள். இந்த மாதம் பணம் குறைந்திருக்கும். டயர் மாற்றினேன், வேறொன்றுமில்லை.

மாவடு போட்டதாக அம்மா ஓரத்தில் எழுதியிருந்தாள். படித்ததும் விளக்கெண்ணெயும் கடுகுத்தூளும் கலந்த அந்த வாசனை. அன்று ஒரு விடைத்தாள்கூடத் திருத்த முடியவில்லை. எனக்கென்று எடுத்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லை, வைக்கட்டும்.

சரி, நில விஷயம். சித்தப்பா பாகம் பிரிக்க ஒப்புக்கொண்டது நல்லதுதான். ஆனால் கிணற்றில் நம் பாதியும் மோட்டார் ஓட்டும் முறை நாளும் பத்திரத்தில் ஏறாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பவர் பத்திரத்தின் வாசகத்தை அனுப்பச் சொல்லுங்கள். இங்கே தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புகிறேன். அது அங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். தம்பியை நம்பி விடாதீர்கள், நீங்களே போங்கள்.

உங்கள்,
ராஜி