கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்குத் தையல்கடைத் துண்டுகள் போதும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸ் மரத்திலும் குடிலிலும் தொங்கவிடும் அலங்காரங்களைத் துணியில் வீட்டிலேயே செய்துகொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் மகளிர் இணைப்பில் வெளிவந்த குறிப்பைப் படித்தேன். பிளாஸ்டிக் உருண்டைகளுக்கும் தெர்மாகோல் நட்சத்திரங்களுக்கும் மாற்றுத் தேடும் அதன் நோக்கம் வரவேற்கத்தக்கது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மாகோலும் இருக்கிறது என்பதே இன்னும் பலருக்குத் தெரியாது. ஆனால், அந்தக் குறிப்பு வாங்கச் சொன்ன பொருள்கள்தாம் என்னை இக்கடிதம் எழுத வைத்தன. கடைகளில் தாள் தாளாக விற்கும் ஃபெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர். உள்ளே அடைக்கச் சொன்ன ரெக்ரான் பஞ்சும் பாலியெஸ்டர். மேலே தூவும் மினுமினுப்புத் தூள் பிளாஸ்டிக் படலத்தைப் பொடித்துச் செய்வது. குளூ கன்னில் உருகி வரும் பசைக்குச்சியும் அதே இனம். வாசல் வழியே அனுப்பிவைத்த விருந்தாளியைக் கொல்லைப்புறமாக அழைத்து உட்கார வைத்த கதையாக இருக்கிறது.

நம் ஊரில் இதற்குத் துணியை விலைகொடுத்து வாங்கவே தேவையில்லை என்பது என் கருத்து. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையே ஆறு முதல் பத்து வாரங்கள் இருக்கின்றன. தீபாவளித் தையல் முடிந்த கையோடு எந்தத் தையல்கடைக்குள் எட்டிப் பார்த்தாலும் மிஷினுக்கு அடியில் மூட்டை மூட்டையாக வெட்டுத்துண்டுகள் கிடக்கும். ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய பட்டு, கரையோரத்தில் கத்தரித்துவிட்ட ஜரிகை, லைனிங்குக்கு வாங்கிய பருத்தித் துணியின் முக்கோணத் துண்டுகள் எல்லாம் பிறகு குப்பைக்குத்தான் போகின்றன. அந்த ஜரிகையில் ஒரு விரல் அகலம் இருந்தால் போதும், மினுமினுப்புத் தூளின் வேலையைச் செய்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே உதிரியான பிளாஸ்டிக் மினுமினுப்புத் தூளின் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. நாம் அதை இப்போதுதான் குழந்தைகள் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நைந்துபோன சுங்குடிச் சேலை வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. சிவப்பிலும் பச்சையிலும் வெள்ளைப் புள்ளி வைத்த அந்தத் துணியை எந்த வடிவத்தில் வெட்டினாலும் அதற்குமேல் ஓர் அலங்காரம் வேண்டியிருக்காது.

துணி அலங்காரத்தைத் தைக்க வேண்டும், ஒட்டக்கூடாது என்பதையும் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். சூட்டில் உருக்கி ஒட்டிய பசை நம்முடைய ஏப்ரல், மே வெயிலில் பரண்மேல் கிடக்கும்போதே பிடிப்பு தளர்ந்து, அடுத்த டிசம்பரில் பெட்டியைத் திறக்கையில் கண் ஒரு பக்கம், வால் ஒரு பக்கமாக உதிர்ந்து கிடக்கும். தைத்த நட்சத்திரமோ பேரப்பிள்ளைகள் காலம் வரை வரும். அதைத் தைப்பதும் கடினமன்று. நட்சத்திர வடிவில் வெட்டிய இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, கால் அங்குலம் விட்டுச் சுற்றிலும் தைத்து, நட்சத்திரத்தின் ஒரு கையின் ஓரத்தில் மட்டும் இரண்டு அங்குலம் திறந்துவிட வேண்டும். ஐந்து முனைகளிலும் ஊசியை ஒரேயடியாகத் திருப்பாமல், முனைக்குக் குறுக்கே ஒரு தையல் போட்டுத் திரும்பினால் புரட்டும்போது முனை கூர்மையாக வரும். உள்வாங்கிய ஐந்து மூலைகளிலும் தையலைத் தொட்டும் தொடாமலும் கத்தரியால் ஒரு வெட்டு கொடுக்க மறந்தால், புரட்டிய பிறகு அந்த இடம் சுருங்கி, நட்சத்திரம் தவளையைப் போலத் தெரியும். பெரும்பாலோர் கைவிட்டுவிட்டுப் பசையைத் தேடுவது இந்த ஒரு வெட்டைத் தவறவிடுவதால்தான். பிறகு பென்சிலின் மழுங்கிய முனையால் மூலைகளைத் தள்ளி, பஞ்சு அடைத்து, திறப்பை ஹெம்மிங் தையலால் மூட வேண்டியதுதான். அடைப்பதற்குப் போடி வட்டாரத்திலிருந்து வரும் இலவம்பஞ்சு நல்ல பொருள்; பறந்து மூக்கில் ஏறும் என்று அஞ்சுபவர்கள் மிகச் சிறிய வெட்டுத்துண்டுகளையே நறுக்கி அடைக்கலாம். பனை, கிளி, கழுதை, ஆட்டுக்குட்டி என்று வடிவங்களை நம் குடிலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் கிறிஸ்துமஸ் மரமாக நிற்பது பெரும்பாலும் சவுக்குக் கிளை. கண்ணாடி உருண்டையின் பாரம் தாங்காமல் அது தலைகுனிந்துவிடும்; துணி நட்சத்திரத்தை எளிதாகத் தாங்கும். ஆனால் பருத்தியும் இலவம்பஞ்சும் சட்டென்று தீப்பற்றக்கூடியவை. ஆகையால் குடிலில் மெழுகுவர்த்தி ஏற்றுபவர்கள் அதன் அருகில் இவற்றைத் தொங்கவிடக் கூடாது.

கைவேலையால் பெண்கள் வருவாய் ஈட்டுவது தென்மாவட்டத் திருச்சபைகளுக்குப் புதிதல்ல. நாகர்கோவிலில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்த லேஸ் பின்னலை, அவருடைய மகளும் கால்டுவெல்லின் துணைவியாருமான எலைசா அம்மையார் இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். அவ்வழியில் வந்த சபைகளும் பங்குக் கோவில்களும் இன்று ஸ்டார் போட்டி, குடில் போட்டி என்று நடத்தும்போது, எவ்வளவு பெரியது, எவ்வளவு மின்னுகிறது என்பதைப் பார்த்தே பரிசு கொடுப்பது வருத்தமளிக்கிறது. கையால் தைத்த அலங்காரத்துக்கென ஒரு பிரிவை ஏற்படுத்தி, துண்டுத்துணியை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று விதி வைத்தால் என்ன? கிறிஸ்துமஸ் விற்பனைக் கூடங்களில் இவற்றை வைக்கும் பெண்கள் சங்கங்களும், துணி இலவசம்தானே என்று பத்து ரூபாய்க்கு விற்காமல், தைத்தவரின் நேரத்துக்குக் கூலி போட்டு விலை வைக்க வேண்டும். வாங்குபவர்களும் அங்கே பேரம் பேசாதிருப்பது நல்லது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் இத்தகைய குறிப்பை வெளியிட்டால், தைக்க நேரமில்லாதவர்கள் கடையில் ஆயத்தப் பொருள்களைத்தான் வாங்குவார்கள். அடுத்த ஆண்டு தீபாவளி முடிந்த வாரத்திலேயே, நட்சத்திரம், கிளி, ஆட்டுக்குட்டி ஆகிய மூன்றின் வடிவங்களையும் தையலுக்கு விடும் கால் அங்குலத்தையும் சேர்த்து, உண்மையான அளவிலேயே ஒரு முழுப் பக்கத்தில் அச்சிட்டுத் தாருங்கள். தையல் படித்தவர்கள் எல்லாரும் பேப்பர் கட்டிங் பழகியது பழைய நாளிதழில்தான் என்பதால், அந்தப் பக்கத்தை அப்படியே கத்தரித்துத் துணிமேல் வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.