சம்பளம் ஏறினால் வேலை போய்விடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"குறைந்தபட்சச் சம்பளத்தை மேலும் ஏற்றினால் வேலை வாய்ப்பு சுருங்கும், தொழிலாளர்கள் பொறுமை காக்க வேண்டும்" என்று ஞாயிறு தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். மலேசியத் தோட்டத்து மக்களுக்கா பொறுமையைச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்? பல வருடமாக உங்கள் பத்திரிகையைக் கடையில் வைத்து விற்பவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். விடியலில் மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், வெட்டு கிடையாது. பிரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். அன்றைய சம்பளமும் போச்சு. அவ்வளவு குறைந்த கூலிக்கு உழைத்தார்களே, வேலை நிலைத்ததா? தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. அதைத் தாங்காமல்தான் எங்கள் ஊர்த் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அன்றைக்கு எந்தச் சம்பளச் சட்டம் வேலையைப் பறித்தது? தங்களுக்குத் தெரியாத வரலாறு அல்ல.

செலவு எனக்கும் தெரியும். மூன்று பேரை வைத்து மளிகைக்கடை நடத்துகிறேன். மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,700 ஆனபோது என்னைப் போல ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்ட் வரை அவகாசம் கிடைத்தது. ஆளுக்கு 200 வெள்ளி, அதற்குச் சேமநிதியில் என் பங்கு 13 விழுக்காடு, ஆக 226. கையைக் கடித்தது உண்மைதான். ஆனால் யாரையும் நிறுத்தவில்லை. தோட்டத்து ஆட்கள் கையில் நாலு காசு புரண்டதும் 555 புத்தகத்தில் (கடைக் கடன் எழுதும் சிறு நோட்டில்) கிடந்த பழைய கடனெல்லாம் அடைபட்டது. அந்தப் பணம் வேறு எங்கே போகும், எங்கள் கடைத்தெருவுக்குத்தானே வரும்? சிறு முதலாளி திணறினால் அரசாங்கம் கைகொடுக்கட்டும். தொழிலாளியின் சோற்றில் கைவைத்து முதலாளியைக் காப்பாற்ற வேண்டாம்.

இன்னொன்று. இங்கே ஒரு குத்தகைக்காரர், செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும் பையன்களிடம் "நீங்கள் என் தொழிலாளி இல்லை" என்கிறார். அரிவாள் அவருடையது, லாரி அவருடையது, எந்தக் காட்டில் எப்போது வெட்டுவது என்பதும் அவர் சொல்வதுதான். ஆனால் சேமநிதி இல்லை, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) இல்லை. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இப்படி வேலை செய்பவரைத் தொழிலாளி என்றே கருத வேண்டும் என்கிறது 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம். அந்தப் பையன்களில் ஒருவருக்கும் அது தெரியாது. தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டிய தாங்கள் பொறுமையைப் பற்றி எழுதுகிறீர்கள்.

வாரம் அரைப் பத்தி ஒதுக்கி, இந்தச் சட்டத்தையும் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கும் முறையையும் எளிய தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். அதை வெட்டி எடுத்து, என் கடை வாசலில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மளிகைக்கடைக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்