நிலாவெளி விடுதியின் மென்பொருள்: யாரிடம் சேவை பெறுவது?

திருகோணமலை

அன்பின் நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று ஓயவில்லை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் நிரம்பிக் கிடக்கின்றன, உன் தம்பியாரின் நிலாவெளி விடுதிக்கும் சீசன் நன்றாகவே போகிறது.

விடுதியின் பில் போடும் மென்பொருளைப் பராமரிக்க, விற்றவர்களை விட்டு வெளியாளை அமர்த்தலாமா என்று கேட்டிருந்தாய். வெளியாள் கைவைத்தால் லைசன்ஸ் ரத்து என்று விற்றவர்கள் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். வாய்ப்பேச்சை விட்டுவிட்டுக் காகிதத்தை எடுக்கச் சொல்லு. லைசன்ஸ் வேறு, பராமரிப்பு ஒப்பந்தம் வேறு. ஒரேயடியாகக் காசு கொடுத்துக் காலவரையின்றிப் பாவிக்க வாங்கியிருந்தால், ஆண்டுப் பராமரிப்பை நிறுத்தினாலும் பாவிக்கும் உரிமை பொதுவாகப் போகாது. மாதச் சந்தா என்றால் கட்டணம் நின்றதும் உரிமையும் நின்றுவிடும்.

ஒராக்கிள் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் லைசன்ஸ் விலையில் 22 சதவீதத்தை ஆண்டுப் பராமரிப்பாக வாங்குகிறது. கட்டணம் ஏறாவிட்டாலும் ஐந்து ஆண்டில் அது 110 சதவீதம், வாங்கிய விலையையே தாண்டிவிடும். இவ்வளவு கொடுப்பவனுக்கு யாரிடம் சேவை பெறுவதென்று தீர்மானிக்கும் உரிமை இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் வெளியாள் எதுவரை போகலாம் என்பதில் கவனம் தேவை. ஒராக்கிள் மென்பொருளுக்கு வெளியிலிருந்து பராமரிப்புச் சேவை கொடுத்த ரிமினி ஸ்ட்ரீட் நிறுவனத்தின்மேல் ஒராக்கிள் 2010இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. பதிப்புரிமை மீறப்பட்டதென்று 2015இல் ஜூரி சொன்னது. மூன்றாம் தரப்பாகச் சேவை கொடுத்தது பிழையல்ல, அதைச் சட்டப்படியான போட்டி என்றே மேன்முறையீட்டு நீதிமன்றம் குறிப்பிட்டது. ரிமினி மென்பொருளைத் தன் கணினிகளில் பிரதி எடுத்து வைத்ததும், ஒரு வாடிக்கையாளருக்கு எடுத்த பிரதியை இன்னொருவருக்குப் பாவித்ததும்தான் சிக்கலானது. ஆகவே தம்பியார் அமர்த்தும் ஆள் விடுதிக் கணினியிலேயே வேலை செய்யட்டும். வேறொரு விடுதியின் லொகினில் இறக்கிய அப்டேட்டை இங்கே போடவே கூடாது. பேக்கப், பிரிண்டர், பயனர் கணக்குகள், புதிதாக எழுதும் அறிக்கைகள் எல்லாம் அவர் தாராளமாகப் பார்க்கக்கூடிய வேலைகள்.

வற் எனும் பெறுமதி சேர் வரியை வைத்து ஒன்றைச் சோதிக்கலாம். 2022 ஜூனில் அது 12 சதவீதம், செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. இந்த வீதத்தை அமைப்புப் பக்கத்திலேயே மாற்ற முடிகிறதா, அல்லது புரோகிராமுக்குள் எழுதிப் பூட்டியிருக்கிறார்களா? பூட்டியிருந்தால், அடுத்த தடவை அரசாங்கம் வீதத்தை மாற்றும்போது விற்றவர்களிடமே போய் நிற்கவேண்டிவரும்.

எனக்குப் பெரிய பயம் மென்பொருளைத் திறக்கும் லைசன்ஸ் கீ பற்றித்தான். பல மென்பொருள்களில் கீயை நெட்வேர்க் கார்டின் முகவரியோடு பிணைத்து வைப்பார்கள். கடலோர உப்புக் காற்றில் மதர்போட் அரித்துப்போய் மாற்றினால் முகவரியும் மாறும், மென்பொருள் திறக்காது. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே, பின்னர் கணினி மாறினாலும் புதுக் கீ தருவோம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். நிறுவும் கோப்பு, இதுவரை வெளிவந்த அப்டேட்டுகள், தரவுத்தள நிர்வாகி பாஸ்வேர்ட் மூன்றும் கையில் இருக்கவேண்டும். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், அது யாரும் பார்த்து மாற்றிப் பாவிக்கக்கூடிய திறந்த மூலம் என்று யாரும் சொன்னால் அதோடு திருப்திப்படாதே. அதன்மேல் ஓடும் பில் மென்பொருள் மூடியதாகவே இருக்கலாம்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. லைசன்ஸ் இடம் கொடுத்தால் இன்னொரு கணினியில் அதை மீட்டு, கணக்குகளின் மீதிகளெல்லாம் உள்ள பட்டியலான பரீட்சை மீதியை ஒரு மாதத்துக்கு இரண்டிலும் அச்சடித்து ஒப்பிடவேண்டும். தரவை சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து, அதை எக்செலில் நேரே திறந்தால் 026 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கங்களின் முதல் பூச்சியம் விழுந்துவிடும், 03/07 மார்ச்சா ஜூலையா என்று குழம்பும், தமிழ்ப் பெயர்களும் சிதையலாம். எக்செலின் இறக்குமதி வழியில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தெரிவுசெய்து, தொலைபேசி நிரலையும் (column) திகதி நிரலையும் எழுத்து வகையாக வைத்தால் தப்பும்.

சீசன் நடுவில் ஆளை மாற்றவேண்டாம். நவம்பர், டிசம்பர் மழைக்குள் செய்வது நல்லது. தானாகப் புதுப்பிக்கும் விதி ஒப்பந்தத்தில் இருந்தால், எத்தனை நாள் முன்பு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று பார்த்து, புதுப்பிக்கும் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அந்த விதியுள்ள பக்கத்தையும், லைசன்ஸ் எப்போது முடிவுறும் என்று சொல்லும் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லு. பார்த்துவிட்டு அறிவித்தல் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்