துண்டறிக்கையை மாற்றி எழுது

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்பு மகள் மலருக்கு,

மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவைப் பற்றிக் கோவில் மண்டபத்தில் நீ பேசப்போகும் கூட்டத்துக்கான துண்டறிக்கை வந்து சேர்ந்தது. தமிழ் நன்றாக இருக்கிறது. ஆனால் அமெரிக்கக் கையேட்டைப் பார்த்து எழுதியது என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது. நிலவறை, குளிர்கால ஹீட்டர் என்று நீ ஆரம்பித்தால், "இது வெள்ளைக்காரன் வீட்டுப் பிரச்சினை" என்று நம்ம ஆட்கள் தேநீர் பக்கம் போய்விடுவார்கள். அவர்கள் நினைப்பதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

குளிர் நாட்டில் வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏறிக் கசிகிறது. அந்த இடத்தை நிரப்ப மண்ணுக்குள் இருக்கும் காற்று தரை வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. நம்ம ஊரில் அந்த இழுப்பு குறைவு. பழைய லயத்து வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி, முன்னும் பின்னும் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய நாக்கோ ஜன்னல். ரேடான் வந்தாலும் தங்காது. அங்கே குடியிருப்பவர்களைப் பயமுறுத்தாதே.

நீ பேச வேண்டியது தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், புதுப்பித்த ஒருமாடி வீடுகளைப் பற்றி. அதே பழைய சிமெண்ட்டுத் தரை. ஆனால் சீலிங் அடித்து, நாக்கோவைக் கழற்றி இழுப்புக் கண்ணாடி போட்டு, கதவடியில் ரப்பர் ஒட்டி, ராத்திரி முழுக்க ஏர்கோன் ஓடுகிறது. சுவரில் மாட்டும் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. "வெளியே பெட்டி இருக்கிறதே" என்று கேட்பார்கள். அந்தப் பெட்டி வெளியே தள்ளுவது வெப்பத்தை, காற்றை அல்ல. உன் பேச்சை இங்கிருந்து தொடங்கு.

அடுத்து மண். தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல். கருங்கல்லில் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது சிதைந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடான் வாயு பிறக்கிறது. 3.8 நாளில் அதில் பாதி அழிந்துவிடும். அழியும்போது உண்டாகும் பொலோனியம் தூசியில் ஒட்டி நுரையீரலுக்குள் போய்ப் படிகிறது. அங்கே அது வீசும் ஆல்ஃபா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும், நம் தோலும் தடுத்துவிடும். நுரையீரலின் உட்சுவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்த கிந்தா பக்கம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: வீட்டுக்கு அடியில் நிரப்பிய மணல் எங்கிருந்து வந்தது? வெறும் வெள்ளீயச் சுரங்கக் குட்டை மணல் பெரும்பாலும் தீங்கில்லாதது. வெள்ளீயம் பிரித்தபின் மிஞ்சும் கனமான தாதுக் கழிவான அமாங் கலந்திருந்தால் கதை வேறு. அதில் மோனசைட் இருக்கும். மோனசைட்டில் தோரியம் இருக்கும், அதிலிருந்து ரேடானின் இன்னொரு வகையான தோரான் பிறக்கும்.

எண்களைக் கவனமாகச் சொல். உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரெல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). முடியாத நாடுகளில் 300-ஐத் தாண்டக் கூடாது. நீ எழுதிய அமெரிக்க அளவான லிட்டருக்கு 4 பிக்கோக்யூரி என்பது கன மீட்டருக்கு 148 பெக்கரெல். லிட்டருக்கு 1 பிக்கோக்யூரி என்றால் கன மீட்டருக்கு 37 பெக்கரெல், அவ்வளவுதான் கணக்கு. துண்டறிக்கையில் பெக்கரெல் மட்டும் இருக்கட்டும். கருவி பிக்கோக்யூரியில் இருக்கும்போது திரையில் 5 என்று வரும். பார்ப்பவர் "அஞ்சுதானே" என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவார். உண்மையில் அது 185.

அளக்கும் விதத்துக்கு அதிக நேரம் ஒதுக்கு. ரேடானை உறிஞ்சி அளக்க இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கரி டப்பா வேண்டாம். கரி ஈரத்தையும் உறிஞ்சும். நம்ம ஊர் ஈரப்பதத்தில் ரேடானைப் பிடிக்கும் திறன் குறைந்து கணக்கு தப்பும். தபாலில் தாமதமானால் பிடித்த ரேடானும் பாதி அழிந்திருக்கும். ஆல்ஃபா கதிர் பட்ட தடங்களைப் பதித்துவைக்கும், மூன்று மாதம் வைக்கும் ஆல்ஃபா தட வில்லை நல்லது. அது கிடைக்கும்வரை ஒரு டிஜிட்டல் கருவியை வீடு வீடாகச் சுற்றவிடலாம். வீட்டுக்குக் குறைந்தது ஒரு வாரம். முதல் நாள் எண்ணைக் கணக்கில் சேர்க்காதே. மணிக்கு மணி 12, 40, 20 என்று குதித்தால் பதற வேண்டாம், குறைந்த அளவில் எண்ணிக்கை அப்படித்தான் ஆடும். கனமழை பெய்தால் வீட்டைச் சுற்றியுள்ள மண் நனைந்து அடைபடும். வாயு காய்ந்த தரைக்கு அடியில் வழி தேடும். அதனால் வெயில் வாரத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதே.

கருவியைத் தரைத்தளப் படுக்கையறையில் வை. தரையிலிருந்து 50 சென்டிமீட்டருக்கு மேல், ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர், வெளிச்சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. ஏர்கோன் காற்றும் விசிறிக் காற்றும் நேராக அடிக்கக் கூடாது. குளியலறை, சமையலறை வேண்டாம். சுவரை ஒட்டி வைத்தால் சுவரிலிருந்து வரும் தோரானும் சேர்ந்து எண்ணை ஏற்றிவிடும். அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்பதால் கொஞ்சம் தள்ளினாலே போதும். முக்கியமாக, வீட்டார் வழக்கம்போல் வாழட்டும். உன்னைக் கண்டதும் மரியாதைக்கு எல்லா ஜன்னலையும் திறந்துவைப்பார்கள், தடுத்துவிடு. இரவுச் சராசரியைத் தனியாகக் குறி. பகலில் ஆளில்லாத அறையின் எண்ணால் யாருக்கும் பயனில்லை.

எண் கூடுதலாக வந்தால் தரையைப் பார். தரையும் சுவரும் சேரும் மூலை, கழிவுக் குழாய் தரையைத் துளைத்து இறங்கும் இடம், சிங்கிக்குக் கீழே இருக்கும் ஓட்டை. எறும்பு வரிசையாகக் கிளம்பும் இடத்தை முதலில் பார்; கீழே வழியில்லாமல் அது வராது. குளியலறை விசிறியை ஓடவிட்டு, ஜன்னல் எல்லாம் சாத்தி, பிளவருகே ஊதுபத்தியைப் பிடி. புகை தரையிலிருந்து விலகி அறைக்குள் சாய்ந்தால் கீழிருந்து காற்று வருகிறது. மெல்லிய வெடிப்பைச் சுரண்டித் தூசி தட்டி பாலியூரித்தேன் சீலன்ட் பசையால் அடை. பெரிய ஓட்டைக்குச் சிமெண்ட்டுக் கலவை. ஈரத்தின் மேல் அடித்தால் சில மாதத்தில் உரிந்து வந்துவிடும். ஓட்டையை அடைத்தாலே எண் பெரிதாகக் குறைந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே.

காற்றோட்டம் என்றதும் ஒரு காற்று வெளியேற்றும் விசிறி வாங்கி மாட்டிவிடுவார்கள். மூடிய அறையிலிருந்து காற்றை வெளியே இழுத்து, உள்ளே வர வழி வைக்காவிட்டால், அது தரைப் பிளவிலிருந்துதான் இழுக்கும். நல்லது செய்யப் போய் ரேடானைக் கூட்டிய கதையாகிவிடும். எதிர் ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி எப்போதும் இருக்கட்டும். காலையில் ஒரு மணி நேரம் திறந்தால் போதும் என்பவர்களுக்கும் பதில் வைத்துக்கொள்: மூடிய பின் ஏறக்குறைய 12 மணி நேரத்தில் அளவு பழையபடி ஏறிவிடும். எதற்கும் அடங்காத வீட்டுக்குத்தான் தரைக்கு அடியிலிருந்து 4 அங்குலக் குழாய் ஏற்றி, நிற்காமல் ஓடும் விசிறி வைத்துக் கூரைக்கு மேலே விடும் வேலை. விசிறி வீட்டுக்குள் இருக்கக் கூடாது. அதற்கு மேலே குழாய் கசிந்தால் எல்லாம் அறைக்குள்ளேயே கொட்டும்.

கேள்வி நேரத்தில் தலைவலி, இருமல் என்று ஆரம்பிப்பார்கள். ரேடானுக்கு உடனடி அறிகுறி கிடையாது. செடி வைத்தால் போகாது. காற்று வடிகட்டி தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. சமையலறைக் கிராணைட் மேடையை யாரும் உடைக்க வேண்டாம், அதிலிருந்து வருவது பொதுவாக அற்பம். ஈப்போ குகைக் கோவிலில் அரை மணி நேரம் நின்று கும்பிடுவதாலும் ஒன்றும் ஆகாது. இது ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதைப் பற்றிய பேச்சு.

பின்வரிசை ஆண்களிடம் மட்டும் நேராகப் பேசு. 100 பெக்கரெல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய 16 விழுக்காடு கூடுகிறது. புகைக்காதவருக்கு அடிப்படை ஆபத்தே சின்னது, அதில் 16 விழுக்காடும் சின்னது. சிகரெட் பிடிப்பவருக்கு அடிப்படையே பெரிது. ரேடானால் அவருக்கு வரும் ஆபத்து புகைக்காதவரைப்போல் 25 மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர் வீட்டில் சீலன்டுக்குச் செலவு செய்வதற்கு முன் செய்ய வேண்டியது என்ன என்று அவருக்கே புரியும்.

படிவத்தில் பெயர் கேட்காதே. வரிசை எண், தரை வகை, ஏர்கோன் மணிநேரம், இரவுச் சராசரி போதும். இன்னார் வீட்டில் எண் அதிகம் என்று பரவினால் வீடு விலை போகாது என்ற பயத்தில் அடுத்த வீட்டார் கருவியை உள்ளே விடமாட்டார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் படிவத்தை எனக்கு ஒரு முறை அனுப்பு.

அன்புடன்,
அப்பா