உடைத்தால் ஊர் மாறுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். சென்ற வாரம் மளிகைக் கடையில் வாங்கிய உருட்டு உளுந்துப் பாக்கெட்டில் உரிம எண், நிகர எடை, விலை, அடைத்த தேதி, அடைத்தவர் முகவரி எல்லாம் இருந்தன. அந்த உளுந்து தஞ்சாவூர்ப் பக்கம் விளைந்ததா, பர்மாவிலிருந்து கப்பலேறி வந்ததா என்பதற்கு மட்டும் ஒரு சொல் இல்லை.

இறக்குமதியாகும் உணவின் லேபிளில் மூல நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள் சொல்கின்றன. அதனால்தான் ஆலிவ் எண்ணெய்ப் புட்டியில் நாட்டின் பெயரைப் பார்க்கிறோம். பருப்போ முழுப் பயறாக மூட்டையில் வந்து, இங்குள்ள மில்லில் தொலி நீங்கி, உடைபட்டு, இங்குள்ள முகவரியோடு கடைக்குப் போகிறது. இரண்டாவது நாடொன்றில் பதப்படுத்தும்போது உணவின் தன்மை மாறினால் அந்த நாட்டையே மூல நாடாகக் கொள்ளலாம் என்றும் அதே விதிமுறைகளில் இருக்கிறது. அதில் தவறில்லை. உளுந்து அப்பளமானால் தன்மை மாறிவிட்டது என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால், தொலி நீங்கி இரண்டாக உடைந்த துவரை துவரையாகத்தானே இருக்கிறது? உடைப்பது தன்மை மாற்றம் ஆகாது என்று ஆணையம் ஒரே வரியில் தெளிவுபடுத்திவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இது சில மூட்டைகளைப் பற்றிய பேச்சு அல்ல. ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் மியான்மரிலிருந்து வாங்க 2021இல் இந்திய அரசு உடன்பாடு செய்துகொண்டது. துவரைக்காக மொசாம்பிக்குடன் 2016இலேயே உடன்பாடு ஏற்பட்டது. பர்மா உளுந்தை நான் குறை சொல்லவில்லை. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் நம் வீட்டு இட்லியைக் காப்பாற்றியது அதுதான். ஆனால், டெல்டாவில் நெல் அறுத்த தரிசில் தெளித்த உளுந்து களத்துக்கு வரும் பங்குனி, சித்திரையை ஒட்டியே பர்மாவின் புதுச் சரக்கும் வருகிறது. நம் ஊர் உளுந்துதான் வேண்டும் என்று கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருக்கும் வீட்டுக்காரருக்கும், அந்தக் காசு போய்ச் சேர வேண்டிய விவசாயிக்கும் நடுவில் பெயரில்லாத ஒரு பாக்கெட் நிற்கிறது.

மில்காரர்கள் சொல்லும் மறுப்பைப் புறந்தள்ள முடியாது. வெவ்வேறு நாட்டுச் சரக்கைப் பிரித்து வைப்பதற்குச் செலவாகும் என்கிறார்கள். அமெரிக்காவில் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி லேபிள்களில் கால்நடை பிறந்த, வளர்ந்த, வெட்டப்பட்ட நாடுகளைக் குறிக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்புக்குப் போனபோது, பிரித்து வைத்துப் பதிவேடு எழுதும் சுமை பற்றியே பெரிதும் வாதிட்டன. அவை வென்றன, 2015 டிசம்பரில் அந்த இரண்டு இறைச்சிகளுக்கும் அமெரிக்கா அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. உள்நாட்டில் தயாராகும் பெரும்பாலான உணவுகளின் லேபிளில், அந்நாட்டில் விளைந்த பொருள் எவ்வளவு என்பதை ஒரு சிறு பட்டையில் விழுக்காடாகக் காட்ட வேண்டும் என்பது 2018 ஜூலை முதல் அங்கே கட்டாயம். சரக்கு கலந்தால் கலந்தது என்று சொன்னால் போதும். யாரையும் தனிக் கிடங்கு கட்டச் சொல்லவில்லை.

நம் மில்களுக்கு இதைவிடவும் எளிது. ஒவ்வொரு தொகுதிக்கும் தேதியும் விலையும் இயந்திரத்தில்தான் அச்சாகின்றன. அதன் பக்கத்தில் நாட்டின் பெயரையும் அடிக்கலாம். அந்தப் பெயரைத் தேடி அலையவும் வேண்டாம். லாரி வந்து நின்றதும் பர்மாவா, ஆப்பிரிக்காவா, நாட்டுச் சரக்கா என்று இருப்புப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் நாங்கள் விலையே போடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் கணக்கர்,
விருதுநகர்.