அவளுக்கு 41, அவனுக்கு 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். குளிர் பழகிவிட்டது, இருட்டுதான் இன்னும் பழகவில்லை. டிசம்பரில் லண்டனில் மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. வேலை முடிந்து ரயிலில் ஏறினால் வெளியே பார்க்க ஒன்றுமில்லை. அதனால் நூலகத்திலிருந்து காதல் நாவல்களாக எடுத்துவந்து படிக்கிறேன். சிரிக்காதே. இந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று வேறு எங்கே தெரிந்துகொள்வது?

போன வாரம் படித்ததை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். அவளுக்கு 41, விவாகரத்தானவள், கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். அவனுக்கு 29, அவள் வீட்டுக் கூரையைச் சரிசெய்ய வந்தவன். மழை விடுவதாக இல்லை, வேலையும் முடிவதாக இல்லை. அப்புறம் என்ன, காதல்தான். உடனே சுற்றியிருப்பவர்கள் கணக்குப் போட ஆரம்பிக்கிறார்கள். உனக்கு 60 ஆகும்போது அவனுக்கு 48 என்கிறாள் தோழி. அவன் அம்மாவுக்கு 52. வரப்போகும் மருமகளைவிட 11 வயதுதான் மூத்தவள், காதலர்களுக்குள்ளேயோ 12. அந்த அம்மாள் இதைக் கண்டுபிடிக்கிற பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், எதிரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

வேடிக்கை என்னவென்றால், இங்கே யாரும் என் வயதைக் கேட்டதில்லை. வேலைக்கு விண்ணப்பித்தபோது பிறந்த தேதிகூடக் கேட்கவில்லை. எங்கள் மேலாளர் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார், அவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். நாவலுக்குள் போனால் ஆளாளுக்கு வயதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்!

அதுவும் பெண் மூத்தவளாக இருந்தால்தான் இத்தனை அமர்க்களம். 1811-இல் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலில் மரியானுக்கு 17, கர்னல் பிராண்டனுக்கு 35. குளிருக்குப் பயந்து ஃபிளானல் என்கிற கம்பளித் துணி உடுப்பு போடுகிற கிழவர் என்று அவரைக் கேலி செய்தவள், 19 வயதில் அவருக்கே மனைவியாகிறாள். குடும்பத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கென்னவோ அவளுக்காக மற்றவர்கள் எடுத்த முடிவாகவே அது படுகிறது.

கூரைக்காரன் கதை பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம். அவளுக்குச் சொந்த வீடு, சம்பளம். அவனுக்குக் கையில் தொழில். ஒருவரை அண்டி ஒருவர் பிழைக்கவில்லை, பிடிக்காவிட்டால் போய்க்கொண்டே இருக்கலாம். வயதில் மூத்தவர் முதலாளியாகவோ வாத்தியாராகவோ வந்து சின்னப் பெண்ணுக்கு வாழ்க்கையைக் கற்றுக்கொடுக்கிற நாவல்களும் அதே அலமாரியில் இருக்கின்றன. அவற்றைப் பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதிலும் ஒரு குறை உண்டு. கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் ஒரேயடியாக மனம் மாறிவிடுகிறார்கள். புத்தகம் முழுக்க முறைத்துக்கொண்டிருந்த மகள், அம்மா ஒருமுறை கட்டிப்பிடித்து அழுததும் சமாதானமாகிவிடுகிறாள். அந்த வயதுப் பெண் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவாளா? அந்தச் சண்டைக்கு இன்னும் பத்துப் பக்கம் கொடுத்திருக்கலாம்.

அம்மாவிடம் கதையைச் சொல்லிப் பார். யார் கட்சியில் சேருகிறாள் என்று எழுது. அந்த மாமியார் கட்சிதான் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை