50 மில்லி தண்ணீர்

கூடவே நின்ற எல்லோருக்கும்,

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டேன். புதுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். தையல் இன்னும் இழுக்கிறது, ரொம்ப நேரம் உட்கார முடியவில்லை. ஆனாலும் மனசு நிறைந்திருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

உபவாசமிருந்து ஜெபித்த சபையார், வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யும் டயாலிசிஸுக்கு நான் போகும்போது என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட டீச்சர்கள், காப்பீட்டுத் திட்டத்துக் காகிதங்களோடு அலைந்த கொழுந்தனார், விடியுமுன் நாலரை மணிக்கு ஒருநாளும் தவறாமல் வாசலில் ஆட்டோவை நிறுத்திய அண்ணன், ஊசி குத்துமுன் நான் கண்ணை மூடி ஜெபித்து முடிக்கிறவரை காத்து நின்ற டெக்னீஷியன் பிள்ளைகள்... ஒவ்வொருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். வீடு வீடாக வந்து சொல்வேன். இன்றைக்கு மேலப்பாளையம் லாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸுக்கு வருகிறவரின் மனைவி அவர். பெயர் எதற்கு, எங்கள் எல்லோருக்கும் லாத்தாதான், அதாவது அக்கா.

டயாலிசிஸில் இருக்கிறவர்களுக்குப் பசிகூடப் பெரிதில்லை, தாகம்தான் கொல்லும். சிறுநீர் நின்றுபோனால் குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கும். எனக்கு ஒரு நாளைக்கு 800 மில்லிதான். காபி, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதிலேயே அடக்கம். பங்குனி வெயிலில், திருநெல்வேலியில். அந்த வாரம்தான் ராத்திரியோடு ராத்திரியாக, சிறுநீரகம் கிடைத்திருக்கிறது என்று போன் வந்து, ஓடிப்போய், ரத்தப் பொருத்தம் சேரவில்லை என்று திரும்பி வந்திருந்தோம். மனசு விட்டுப்போய் கணக்கில்லாமல் குடித்துவிட்டேன். திங்கட்கிழமை எடை மெஷினில் ஏறினால் நாலு கிலோ கூடுதல். மூச்சு வாங்குகிறது, அழுகை வேறு.

அடுத்த முறை வந்தபோது லாத்தா கைப்பையிலிருந்து ஒரு குட்டி எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். பேரனுக்கு மருந்து புகட்ட வாங்கியதாம். ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து பார்த்திருக்கிறார்: விளிம்புவரை ஊற்றினால் சரியாக 50 மில்லி. "பெரிய டம்ளர்ல ரெண்டு மடக்கு குடிச்சா ஏக்கம் தீராது புள்ள. இதுல ஒரு டம்ளர் முழுசாக் குடிச்ச மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு 16 டம்ளர், எண்ணிக்கோ." சொல்லிக்கொண்டே முதல் டம்ளரை அவரே ஊற்றிக் கொடுத்தார்.

அவருடைய உதடு வெடித்திருந்தது. அப்போதுதான் உறைத்தது: ரமலான் மாதம், அவர் நோன்பு. பச்சைத் தண்ணீர்கூடப் படாத வாயோடு எனக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். "உங்களுக்குத் தாகம் எடுக்கலையா லாத்தா?" என்றேன். "எடுக்காமலா? குடம் பக்கத்துலதான் இருக்கும். மஃரிபுக்குப் பாங்கு சொல்லத்தான் போறாங்கன்னு தெரியும்ல, அதான் மனசு அடங்கிக் கெடக்கு." மஃரிப் என்பது சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை; அதற்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் நோன்பு திறப்பார்கள்.

சிறுவயதிலிருந்து கர்த்தருக்குக் காத்திரு என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அதன் ருசி என் நாக்கில் பட்டது அன்றைக்குத்தான். அதுவரை "எப்போது ஆண்டவரே, எப்போது" என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் கிடையாது. அதோடு ஒரு பயமும் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. சிறுநீரகம் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று கேட்டால், ஏதோ ஒரு வீட்டில் சாவு விழட்டும் என்றல்லவா கேட்கிறேன்? பாதி ஜெபத்தில் நா எழாது. அன்று முதல் டம்ளர் கணக்கில் கேட்க ஆரம்பித்தேன். இந்த ஒரு டம்ளருக்குப் பொறுமை கொடும். அடுத்ததற்கு அப்புறம் கேட்கிறேன். பாங்கு சொல்லும் நேரம் உமக்குத் தெரியும்.

இந்தச் சிறுநீரகத்தைக் கொடுத்த அந்த வீடு எதுவென்று எனக்குச் சொல்ல மாட்டார்கள், அதுதான் முறை. 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில், இறந்து உறுப்பு கொடுத்தவர்களை அரசு மரியாதையோடு அடக்கம் செய்கிறார்கள். என் உயிரைக் காத்த பிள்ளைக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கும். தங்கள் நெஞ்சு வெடிக்கிற நேரத்திலும் சரி என்று தலையசைத்த அந்தக் குடும்பத்துக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? வார்த்தை இல்லை. சாகிறவரை என் ஜெபத்தில் அவர்களுக்குத்தான் முதல் இடம். நானும் என் வீட்டுக்காரரும் உறுப்பு தானத்துக்குப் பதிந்துவைக்க முடிவு செய்திருக்கிறோம்.

லாத்தா, உங்கள் வீட்டுக்காரர் இன்னும் அதே கட்டிலில்தான் இருக்கிறார். அது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. கூட்டத்துக்குள் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து, ஒரு முறை நான் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். அந்த நேரம் நீங்கள் கொஞ்சம் தலைசாய்த்துக் கொள்ளுங்கள்.

நேற்று போனில், "இப்ப எத்தனை டம்ளர்?" என்று கேட்டீர்கள். தொண்டை அடைத்துவிட்டது, பதில் சொல்ல முடியவில்லை. டாக்டர் 3 லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். உங்கள் டம்ளரில்தான் குடிக்கிறேன். 60 லாத்தா, 60 டம்ளர்.